முகப்பரு மருந்தும் தம்பதியரும்: நன்மை தீமையை நிறுத்துப் பாருங்கள்

சென்ற ஆண்டு ஒரு கிராமத்தில் தம்பதியர் கூட்டம் முடிந்து, படச்சுருள்களைச் சுருட்டிக் கொண்டிருந்தேன். எல்லோரும் கலைந்து போன பிறகும் ஓர் இளம் தம்பதி மட்டும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் கூட நிறையவில்லை. கணவர்தான் முதலில் பேசினார்.

"நர்சம்மாகிட்ட சொல்லப் பயமா இருக்குதுங்க. என் முகத்துக்குக் குடுத்த மாத்திரையை இவளும் சாப்பிட்டுட்டா."

மனைவி தலைகுனிந்தபடி சொன்னார்: "அவருக்கு முகம் நல்லாத் தெளிஞ்சுதுங்க. எனக்கும் ரெண்டு மூணு பரு. வைட்டமின் மாத்திரைதானேன்னு ஒரு பத்து நாள் போட்டுக்கிட்டேன். இப்ப பன்னெண்டு நாள் தள்ளிப் போயிருக்கு."

மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஐசோட்ரெட்டினாயின் 20 மி.கி. என்று இருந்தது. மாவட்டத் தலைநகரில் தோல் மருத்துவர் கணவருக்கு எழுதிக் கொடுத்தது. "இதை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லையா?" என்று கேட்டேன்.

"சொன்னாருங்க. இவகிட்ட அதைச் சொல்லணும்னு எனக்குத் தோணலை" என்றார் கணவர்.

அன்று மாலையே கிராம சுகாதார செவிலியர் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார். கர்ப்பம் இல்லை என்று காட்டியது. இருந்தாலும் ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு வாரம் இருவரும் சரியாகத் தூங்கவில்லை. அவர்களுடைய கதையின் மீதியைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், பரு மருந்துகளைப் பற்றி ஒவ்வொரு தம்பதியும் தெரிந்து கொள்ள வேண்டியதைப் பார்ப்போம்.

பரு என்பது என்ன?

நமது தோலில் ரோமக்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பருவ வயதில் ஹார்மோன்கள் பெருகும்போது இவை அதிகமாக எண்ணெய் சுரக்கும். ரோமக்காலின் வாய் அடைபடும். உள்ளே தங்கிய எண்ணெயில் ஒரு வகைக் கிருமி பெருகும். சுற்றிலும் வீங்கிச் சிவக்கும். இதுதான் பரு. சிலருக்கு வெறும் கரும்புள்ளி. சிலருக்குச் சீழ் பிடித்த பரு. இன்னும் சிலருக்கு ஆழத்தில் வலியுள்ள கட்டிகள். இந்தக் கட்டிகள்தான் ஆறும்போது பள்ளம் விழும் தழும்பை விட்டுச் செல்லும்.

பரு அழுக்கினால் வருவதல்ல. வெறும் உஷ்ணத்தினால் வருவதும் அல்ல. தாம்பத்திய உறவுக்கும் பருவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "கல்யாணம் ஆனா பரு தானாப் போயிடும்" என்பது பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்லும் வார்த்தை. கல்யாணத்துக்குப் பிறகும், 30 வயதுக்கு மேலும் பரு வருபவர்கள் நிறைய உண்டு. முக்கியமாகப் பெண்களுக்கு.

மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருவதும், முகவாயில் முடி வளர்வதும், பருவும் சேர்ந்து இருந்தால் அது கருமுட்டைப் பையின் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் களிம்பைத் தேடுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. காசநோய், வலிப்பு நோய் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் பரு வரலாம். அதற்காக அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தி விடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் போதும்.

தராசின் இரண்டு தட்டுகள்

கடையில் பருப்பு நிறுக்கும்போது ஒரு தட்டில் எடைக்கல்லையும் மறு தட்டில் சரக்கையும் வைக்கிறார்கள். மருந்தையும் அப்படித்தான் நிறுக்க வேண்டும். ஒரு தட்டில் மருந்தினால் வரும் நன்மை. மறு தட்டில் அதனால் வரக்கூடிய கெடுதல். இதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருந்து சாப்பிடாமல் இருந்தால் வரும் கெடுதலும் நன்மைத் தட்டில் சேர வேண்டும்.

என் கன்னத்தில் 40 வருஷத்துப் பள்ளங்கள் இருக்கின்றன. 17 வயதில் எனக்குக் கட்டிப் பரு வந்தது. எங்கள் வீட்டில், "மருந்து சாப்பிட்டால் உடம்பு கெட்டுப் போகும்" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பயத்தினால் மருந்தை ஒதுக்குவதும் ஒரு முடிவுதான். அதற்கும் ஒரு விலை உண்டு.

ஆகவே, "பக்க விளைவு உண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது. எல்லா மருந்துக்கும் பக்க விளைவு உண்டு. "என் பரு எவ்வளவு கடுமையானது? இந்த மருந்தின் கெடுதல் சின்னதா பெரியதா? வந்தால் திரும்பிச் சரியாகுமா, ஆகாதா? என் வயதுக்கும் என் குடும்ப நிலைமைக்கும் இது பொருந்துமா?" என்று கேட்க வேண்டும்.

1. பூசும் மருந்துகள்

கரும்புள்ளிக்கும் சிறு பருக்களுக்கும் முதலில் பூசும் மருந்துதான் கொடுப்பார்கள்.

பென்சாயில் பெராக்ஸைடு: கிருமியைக் குறைக்கும். தோல் காய்ந்து எரிச்சல் தரலாம். துணியில் பட்டால் சாயம் போய் வெள்ளைத் திட்டு விழும். நல்ல சேலை, தலையணை உறை, துண்டு ஆகியவற்றில் படாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். இதில் 5 சதவீதம், 10 சதவீதம் என்று வீரியம் கூடக் கூட எரிச்சலும் கூடும். 2.5 சதவீதமே பலருக்குப் போதும்.

அடாபலீன்: அடைப்பைத் திறக்கும் மருந்து. இரவில் ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் லேசாகப் பூச வேண்டும். பருவின் மேல் மட்டும் வைப்பதல்ல. முதல் சில வாரங்களில் முகம் சிவந்து தோல் உரியும். பரு கூடியது போலவும் தெரியும். "மருந்து ஒத்துக்கலை" என்று பலர் இந்தக் கட்டத்தில் விட்டு விடுகிறார்கள். எரிச்சல் தாங்க முடியாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசலாம். 8 முதல் 12 வாரம் பொறுத்தால்தான் பலன் தெரியும். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தை வேண்டும் என்று முயற்சி செய்பவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

கர்ப்ப காலத்தில் பரு தொந்தரவு இருந்தால் அசிலாயிக் அமிலம், கிளிண்டமைசின் ஆகிய பூசும் மருந்துகளை டாக்டர் கொடுப்பதுண்டு.

2. வெள்ளைக் களிம்பு ஜாக்கிரதை

நமது ஊர்களில் அதிகக் கெடுதல் செய்வது டாக்டர் கொடுத்த மருந்தல்ல. "முகம் பளபளன்னு ஆயிடும்" என்று சொல்லி மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்புதான். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் குழாயில் அச்சடித்திருக்கும். எழுத்துக் கூட்டியாவது படித்துப் பாருங்கள்.

பூசிய முதல் வாரம் சிவப்பு அடங்கும், முகம் வெளுக்கும். அந்த மகிழ்ச்சியில் மாதக் கணக்கில் பூசுவார்கள். பிறகு தோல் மெலியும். சிவப்பு நரம்புகள் தெரியும். கன்னத்தில் முடி முளைக்கும். பரு முன்னை விட அதிகமாகக் கிளம்பும். நிறுத்தினால் முகம் நெருப்புப் போல் எரியும். அதனால் மறுபடியும் அதையே பூசுவார்கள். 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனால் சட்டம் ஒருபுறமிருக்க, கேட்பவர் நாம்தானே? பருவுக்கு இந்தக் களிம்பு வேண்டாம். ஏற்கெனவே மாதக் கணக்கில் பூசி வருபவர்கள் குழாயை எடுத்துக் கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி விட வேண்டும்.

3. கிருமிக் கொல்லி மாத்திரைகள்

சீழ்ப் பரு அதிகமாக இருந்தால் டாக்சிசைக்ளின் என்ற மாத்திரையைச் சில வாரங்கள் தருவார்கள். பொதுவாக 3 மாதத்துக்கு மேல் போவதில்லை. பூசும் மருந்தையும் கூடவே தருவார்கள். மாத்திரையை மட்டும் நீண்ட நாள் சாப்பிட்டால் கிருமிக்கு மருந்து பழகிப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியவை:

ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுக்கக் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக் கொண்டால் புண்ணாகி நெஞ்சு எரியும்.

வெயில் தாங்காது. களையெடுப்பு, நடவு, கட்டட வேலை என்று நாள் முழுதும் வெயிலில் நிற்பவர்களுக்கு முகமும் கையும் கன்றிப் போகலாம். முந்தானையோ துண்டோ போட்டு மறைத்துக் கொள்ள வேண்டும். வெயில் வேலை தவிர்க்க முடியாதவர்கள் அதை டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரை, பால், வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது. இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

சில பெண்களுக்கு வெள்ளைப்படுதலும் அரிப்பும் வரலாம். வெட்கப்படாமல் நர்சம்மாவிடம் சொன்னால் எளிதில் குணப்படுத்தலாம்.

கர்ப்பிணிகளும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் இதைச் சாப்பிடக் கூடாது. குழந்தையின் பல்லில் நிரந்தரக் கறை ஏற்படும்.

4. ஹார்மோன் மாத்திரைகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரை சில பெண்களுக்குப் பருவையும் குறைக்கும். கருத்தடையும் வேண்டும், பருவும் இருக்கிறது என்றால் ஒரே மாத்திரையில் இரண்டு பலன் கிடைக்கலாம். ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கண் முன் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், பிரசவமாகி 6 மாதம் ஆகாமல் பால் கொடுப்பவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது.

3 மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி நல்ல கருத்தடை முறைதான். ஆனால் சிலருக்கு அதனால் பரு கூடலாம். காப்பர்-டியில் ஹார்மோன் இல்லை. அதனால் பரு கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரையும் பெண்களுக்குச் சில சமயம் தரப்படுகிறது. மாதவிலக்கு முன்பின்னாக வரலாம், அடிக்கடி சிறுநீர் போகலாம். கருவில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற அச்சம் உள்ளதால், இதைச் சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது.

5. ஐசோட்ரெட்டினாயின்: பெரிய மருந்து, பெரிய ஜாக்கிரதை

இப்போது அந்தத் தம்பதியின் மாத்திரைக்கு வருவோம். இது வைட்டமின் 'ஏ' குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருங்கச் செய்வதால், வேறு எதற்கும் அடங்காத கட்டிப் பருவுக்கு இதைவிடச் சிறந்த மருந்து இன்றும் இல்லை. சுமார் 4 முதல் 6 மாதம் சாப்பிட்டால் பலருக்குப் பரு நிரந்தரமாகவே நின்று போகிறது. தழும்பு விழுமுன் காப்பாற்றுகிறது. இது நன்மைத் தட்டு.

இனி மறு தட்டு. சின்னக் கெடுதல்களை முதலில் பார்ப்போம்.

ஏறக்குறைய எல்லோருக்கும் உதடு காய்ந்து வெடிக்கும். கண் உலரும். மூக்கு உலர்ந்து சிலருக்கு ரத்தம் கசியும். மூட்டிலும் தசையிலும் வலி வரலாம். பளு தூக்குபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரவில் பார்வை மங்கலாம். ராத்திரியில் லாரி, டிராக்டர், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். இவை பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடும்.

ரத்தத்தில் கொழுப்பு கூடலாம், ஈரல் பாதிக்கப்படலாம். ஆகவே தொடங்கு முன்னும், தொடங்கிய பின் டாக்டர் சொல்லும் சமயத்திலும் ரத்தப் பரிசோதனை தேவை. இந்தக் காலத்தில் சாராயம், பிராந்தி கூடவே கூடாது. டாக்சிசைக்ளினையும் இதையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. மூளையில் நீர் அழுத்தம் கூடிக் கடும் தலைவலியும் பார்வைக் கோளாறும் வரலாம்.

மனச்சோர்வு பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு மனம் சோர்ந்து போனதாகத் தகவல்கள் உண்டு. கடும் பருவே மனத்தைச் சோர வைக்கும் என்பதால் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். காரணம் எதுவானாலும் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பேச்சுக் குறைந்தால், தூக்கம் கெட்டால், "வாழ்ந்து என்ன பண்ண" என்ற பேச்சு வந்தால், உடனே மருந்தை நிறுத்தி டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும்.

இப்போது பெரிய கெடுதல். கர்ப்பமான பெண் இதைச் சாப்பிட்டால் கரு கலைந்து போகலாம். கலையாமல் வளர்ந்தால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகள் வரலாம். காது மடல் இல்லாமல் அல்லது சிறுத்துப் பிறப்பது, முக அமைப்புக் கோளாறு, இதயக் கோளாறு, மூளை வளர்ச்சிக் குறைவு ஆகியவை ஏற்படும். பொதுவாகப் பிறக்கும் 100 குழந்தைகளில் 2 அல்லது 3 குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கிறது. கருவில் இருக்கும்போது இந்த மருந்து பட்ட குழந்தைகளில் அது 100-க்கு 20 முதல் 35 வரை. பார்வைக்கு நன்றாகப் பிறந்த குழந்தைக்கும் பிற்காலத்தில் அறிவு வளர்ச்சி குறையலாம். குறைந்த அளவு, குறைந்த நாள் சாப்பிட்டால் பாதகமில்லை என்று சொல்லவே முடியாது.

இந்த அபாயத்தினால்தான் அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டு ஒரு கட்டுத்திட்டம் கொண்டு வந்தார்கள். கருத்தரிக்கக் கூடிய பெண்ணுக்கு மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனை செய்து, இல்லை என்று உறுதியான பிறகே அடுத்த மாத மருந்தைக் கொடுக்கும் திட்டம். நமது ஊரில் அந்தக் காவல் இல்லை. ஆகவே கணவனும் மனைவியும்தான் காவலாக இருக்க வேண்டும்.

மனைவி இதைச் சாப்பிட வேண்டியிருந்தால்

தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால், சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரை, கருத்தடை கட்டாயம்.

ஒரே முறையை நம்பாமல் இரண்டு முறைகளைக் கையாள்வது நல்லது. காப்பர்-டி போட்டுக் கொண்டு கணவர் நிரோத் உபயோகிக்கலாம். அல்லது மாலா-என் மாத்திரையும் நிரோத்தும் சேர்த்து உபயோகிக்கலாம். காப்பர்-டியில் 5 ஆண்டு, 10 ஆண்டு என்று இரண்டு வகை உண்டு. குழந்தை வேண்டும் என்றபோது எடுத்து விடலாம்.

தொடங்கு முன் கர்ப்பப் பரிசோதனை. பிறகு மாதவிலக்கு வந்த 2-ஆம் அல்லது 3-ஆம் நாள் மருந்தைத் தொடங்கச் சொல்வார்கள். மாதாமாதம் பரிசோதனை. நிறுத்தி ஒரு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை.

பால் கொடுக்கும் தாய் சாப்பிடக் கூடாது.

ஒரு நாள் பாதுகாப்புத் தவறி விட்டால் 72 மணி நேரத்துக்குள் சுகாதார நிலையத்தில் அவசர காலக் கருத்தடை மாத்திரை கேட்டு வாங்க வேண்டும். முகப்பரு மாத்திரை சாப்பிடுவதையும் அங்கே சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டே குழந்தை வேண்டும் என்று இருக்கும் தம்பதிக்கு இந்த மாத்திரை வேண்டாம். குழந்தை பிறந்து பால் மறந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம். பரு காத்திருக்கும்.

கேள்வியும் பதிலும்

கேள்வி: கணவர் சாப்பிட்டால் பிறக்கப் போகும் குழந்தைக்குக் கெடுதலா?

பதில்: கணவர் சாப்பிடுவதால் குழந்தைக்கு ஊனம் வருவதாகச் சான்று இல்லை. அவருக்காகக் கருத்தடை செய்யத் தேவையில்லை. ஆனால் அவர் தன் மாத்திரையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மருந்து சாப்பிடும்போதும், நிறுத்திய பின் ஒரு மாதமும் ரத்ததானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம் அல்லவா?

கேள்வி: அங்கன்வாடியில் என் குழந்தைக்கு வைட்டமின் 'ஏ' சொட்டு கொடுக்கிறார்களே, அது ஆபத்தா?

பதில்: இல்லவே இல்லை. 9-ஆம் மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட் என்று 5 வயது வரை கொடுப்பது கண் பார்வையைக் காக்கும் திட்டம். தவறாமல் கொடுங்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட் ஆகியவற்றில் உள்ள சத்தினாலும் கெடுதல் இல்லை. ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்கள் மட்டும் கூடுதலாக வைட்டமின் 'ஏ' மாத்திரை சாப்பிடக் கூடாது.

கேள்வி: இந்த மாத்திரை சாப்பிட்டால் பிறகு குழந்தையே பிறக்காமல் போகுமா?

பதில்: போகாது. மருந்து ஒரு மாதத்துக்குள் உடம்பை விட்டு நீங்கி விடும். அதன் பிறகு கருத்தரிக்கலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள்.

கேள்வி: தெரியாமல் சாப்பிட்டபோதே கர்ப்பம் ஆகிவிட்டால்?

பதில்: மாத்திரையை உடனே நிறுத்துங்கள். மறைக்காதீர்கள். நாட்டு மருந்து சாப்பிட்டுக் கலைக்க முயலாதீர்கள். அது தாயின் உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனைக்குச் சென்று எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்பதை உள்ளபடி சொல்லுங்கள். எல்லாக் குழந்தைக்கும் குறை வரும் என்பதில்லை. ஆனால் ஸ்கேனில் எல்லாக் குறையும் தெரிந்து விடும் என்பதும் இல்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் படியும், இப்படிப்பட்ட நிலையில் டாக்டரின் ஆலோசனையோடு கர்ப்பத்தைப் பாதுகாப்பாகக் கலைத்துக் கொள்ள வழி உண்டு. 18 வயது நிறைந்த பெண்ணானால் அவள் சம்மதம் ஒன்றே போதும். தொடர்வதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது அவள்தான். மாமியாரோ அக்கம்பக்கத்தாரோ அல்ல. கணவர் அருகில் இருந்து தைரியம் சொல்ல வேண்டும். அவளைக் குற்றம் சொல்லக் கூடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

மருந்துச் சீட்டை வாங்கிக் கொண்டு எழுந்து விடாதீர்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

என் பருவுக்கு இதைவிட லேசான மருந்து போதாதா?

எத்தனை வாரத்தில் பலன் தெரியும்? எப்போது நிறுத்த வேண்டும்?

எந்தத் தொந்தரவைப் பொறுத்துக் கொள்ளலாம்? எது வந்தால் உடனே நிறுத்த வேண்டும்?

நான் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு இது ஒத்துப் போகுமா?

நாங்கள் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் அல்லது பால் கொடுக்கிறேன். இது ஆகுமா?

ஐந்தாவது கேள்வியை டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே சொல்லுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

மருந்து அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே வாங்க வேண்டிய மருந்து. ஒருவருக்கு எழுதிய மருந்து ஒருவருக்குத்தான். அண்ணன் தம்பியானாலும், கணவன் மனைவியானாலும், ஒரே சோற்றுப் பானையில் சாப்பிடலாம், ஒரே மாத்திரை அட்டையில் சாப்பிடக் கூடாது.

அந்தத் தம்பதி என்ன செய்தார்கள்?

இரண்டாவது பரிசோதனையிலும் கர்ப்பம் இல்லை என்றே வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து மாதவிலக்கும் வந்தது. செய்தி சொல்ல வந்த கணவர் கையில் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார்.

"இந்த விஷத்தை எங்க வேணும்னாலும் போட்டுடுங்க. எனக்கு முகமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

அவருடைய தாடையில் கட்டிகள் இருந்த இடம் அப்போதுதான் ஆறிக் கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மாத மருந்து பாக்கி. நான் பையைத் திருப்பிக் கொடுத்தேன். "உங்களுக்கு இது விஷமில்லை. உங்கள் மனைவிக்குத்தான் ஆகாது. நிறுத்துவதானாலும் டாக்டரைக் கேட்டுக் கொண்டு நிறுத்துங்கள்" என்றேன்.

அடுத்த வாரம் இருவருமாகத் தோல் மருத்துவரிடம் போனார்கள். கணவர் மீதி இரண்டு மாதத்தையும் முடிப்பது என்று முடிவாயிற்று. மாத்திரைகளைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். மனைவிக்கு இருந்த நாலு பருவுக்குப் பூசும் மருந்தே போதும் என்றார் டாக்டர். "இந்த வருஷமே குழந்தை வேணும்னு இருக்கோம்" என்று மனைவி அந்த அறையிலேயே சொன்னார். அதனால் அதற்கேற்ற, கெடுதல் செய்யாத களிம்பாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். அவர் உடம்பை விட்டு மருந்து நீங்க ஒரு மாதம் நிரோத் உபயோகித்து, அதன் பிறகே குழந்தைக்கு முயற்சி செய்வது என்றும் பேசிக் கொண்டார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர், இரண்டு முடிவு. இரண்டும் சரியான முடிவே.

அன்பார்ந்த தம்பதியரே! உங்கள் வீட்டில் யார் பரு மருந்து சாப்பிட்டாலும், அது என்ன மருந்து என்பதை இருவரும் தெரிந்து வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள், அல்லது 104 என்ற எண்ணில் கேளுங்கள். வரும்போது மாத்திரை அட்டையையும் களிம்புக் குழாயையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். இந்தத் தாளை மடித்து வைத்து விடாமல், படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.